சனிக்கிழமை டக்கோட்டா

நெச பிளேன்ல முத்துக்கிருஷ்ணன் ஏறினது ஆயுசுக்கும் ஒரே தடவ. மதுரையில ஏறி மெட்ராஸ்ல இறங்குறதுக்குள்ள ரெண்டு கவர் நெறைய வாந்தி எடுத்து, பக்கத்துல இருந்த மனுசன் சட்டையையும் நனைச்சு, ‘சாமி, எனக்கு ரயிலே போதும்’னு கும்பிட்டுட்டு வந்துட்டாரு. அப்பேர்ப்பட்ட ஆளுதான் சிவகாசியில தன் வீட்டு மாடியில ஒரு ஏசி ரூமைப் பூட்டி வச்சுக்கிட்டு, மூணு பெரிய ஸ்கிரீன், கையில பிடிக்க ஸ்டியரிங், கால்ல மிதிக்க பெடல், காதுக்கு ஹெட்போன்னு சகல சாமானும் வாங்கிப் போட்டு டக்கோட்டாங்கிற பழைய காலத்துப் பிளேனை ஓட்டிக்கிட்டிருந்தாரு. எல்லாம் கம்ப்யூட்டர்லதான். ஆனா அதைக் கேம்னு சொல்லிரக் கூடாது. அவரு சம்சாரம் ஸ்ரீமதி ஒருநாள், “கேம் ஆடுனது போதும், சாப்பிட வாங்க”ன்னு சொல்லப்போக, ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாரு.

சும்மாவும் ஓட்டுறதில்ல. இப்ப இல்லாமப் போன பழைய ரூட்டா தேடிப் பிடிப்பாரு. அந்தக் காலத்துல எந்தப் பிளேன் போச்சோ அதே பிளேன், எத்தன மணிக்குக் கிளம்புச்சோ அதே மணி, எங்கெங்க நின்னுச்சோ அங்கெல்லாம் நின்னு ஓட்டணும். இதுக்குன்னு ஒரு குரூப்பு வேற. பினாங்குல ரிட்டையரான ஒரு பெரியவரு, பூனாவுல ஒரு பல் டாக்டரு, இன்னும் அங்கங்க கெடக்குற கிறுக்குப் பிடிச்சவுக எல்லாம் சேத்து பதினோரு பேரு. மில்லுக்குப் போக இருந்த பழைய பேப்பர் லோடுல, அறுபது வருசத்துக்கு முந்தின பிளேன் டைம்டேபிள் ஒண்ணு நம்மாளு கையில சிக்குச்சு. மெட்ராஸ், திருச்சி, மதுரை, திருவனந்தபுரம். அந்த ஒத்தத் தாளைப் படம் பிடிச்சுப் போட்டதுல இருந்து குரூப்புல அவருக்கு ‘கேப்டன் முத்து’ன்னு பேரு. பட்டாசுக் கம்பெனி மொதலாளின்னு ஊரே கும்பிடுறதைவிட, அந்தப் பத்துப் பேரு கேப்டன்னு கூப்பிடுறதுலதான் மனுசனுக்கு உச்சி குளுந்து போகும்.

குரூப்புக்கு மூணு சட்டம். ஒண்ணு, நடுவுல நிறுத்தக் கூடாது. தரையை விட்டுக் கிளம்பினா இறக்கிட்டுத்தான் எந்திரிக்கணும். ரெண்டு, வெளியில இப்ப என்ன வானிலையோ அதேதான் ஸ்கிரீன்லயும் இருக்கணும். அந்த ஊர்ல நெசமா மழை பெஞ்சா, கம்ப்யூட்டர் அதை நெட்ல இருந்து இழுத்து உள்ளயும் பெய்ய வைக்கும். மூணு, ஓட்டுறவன் போன்ல பேசக் கூடாது. மத்தவுக எல்லாம் நேரலையில பாத்துக்கிட்டு இருப்பாக. ஒருதடவ பல் டாக்டரு தரையிறங்குற நேரத்துல போன் எடுத்துப் பேசிட்டாருன்னு, அவரு பயணமே செல்லாதுன்னு தள்ளிட்டாரு பினாங்குப் பெரியவரு. என்ன ஒரு கறாரு பாருங்க.

இப்ப இவரு கம்பெனிக்கு வருவோம். ஏழாயிரம்பண்ணைக்கு அங்கிட்டு, கரிசக்காட்டுக்குள்ள முப்பது நாப்பது ரூமு, நூத்தி இருவது ஆளு. போர்மேன் ஊர்க்காவலன். இருவது வருசமா அங்கனதான் கெடக்காரு. அவரு சம்சாரம் அய்யம்மாளும் அதே கம்பெனியில பேக்கிங் ரூம்ல வேலை. பட்டாசு வேலையில ஒரு வழிமுறை உண்டு, சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். காலையில கலந்த வெடிமருந்தை அன்னைக்கே தீத்துரணும். தீரலைன்னா சாயங்காலம் குழியில கொட்டி அழிச்சிரணும். ராத்தங்க விடவே கூடாது. அதுலயும் ஈரம் பட்ட மருந்து இருக்கே, தானா உள்ளுக்குள்ள சூடேறும், தொட்டா என்ன செய்யும்னு யாருக்கும் தெரியாது.

இது ஊர்க்காவலனுக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். ஆனா போன சீசன்ல ஒருநாள் மிச்ச மருந்தை அவரா கொட்டிட்டாரு. முத்துக்கிருஷ்ணன் கார்ல வந்து இறங்கி, அம்புட்டு ஆளுக முன்னாலயும், “ஏலே, கம்பெனி எனக்கா ஒனக்கா? என்னையக் கேக்காம ஒரு கைப்பிடி கொட்டக் கூடாது பாத்துக்க”ன்னு காச்சி எடுத்துட்டாரு. அய்யம்மாள் பேக்கிங் ரூம் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. அன்னையில இருந்து தெனமும் சாயங்காலம் நாலரைக்கு ஊர்க்காவலன் போன் போட்டு, “மொதலாளி, மிச்சம் இம்புட்டு கெடக்கு, கொட்டிரவா?”ன்னு கேப்பாரு. இவரு “கொட்டு”ம்பாரு. ஒருநாள் கூட வேணாம்னு சொன்னதில்ல. வேணாம்னு சொல்லவும் முடியாது, அதுதான் வேடிக்கை. கேக்கணும், அம்புட்டுதான். மொதலாளின்னா கேக்கணும்ல?

தீபாவளிக்கு மூணு வாரம் இருக்கையில, புரட்டாசி மாசத்துச் சனிக்கிழமை. மெட்ராஸ்-திருவனந்தபுரம் ரூட்டுல கடைசித் துண்டு, மதுரையில இருந்து கிளம்பிப் போறது. டைம்டேபிள்படி நாலு மணி அஞ்சு நிமிசம். முத்துக்கிருஷ்ணன் மூணரைக்கே கதவைச் சாத்திட்டு உக்காந்துட்டாரு. குரூப்புல பத்துப் பேரும் ஆஜர். டக்கோட்டா உறுமிக்கிட்டு மேல ஏறுச்சு. திருமங்கலம் போச்சு, விருதுநகர் இடது பக்கம் ஒதுங்குச்சு. சிவகாசி வரவும் மேகம் கருகருன்னு திரண்டு நிக்குது. கண்ணாடியில பொட்டுப்பொட்டா மழை விழுந்துச்சு.

“நெச மழைங்க இது. எங்க ஊரு மழை, இந்த நிமிசம் பெய்யுது”ன்னு அவரு குரூப்புல சொன்னாரு, பெருமை பிடிபடல. பினாங்குப் பெரியவரு, “ஆகா, பாத்து ஓட்டுங்க கேப்டன்”னாரு.

அட பாவி மனுசா, ஊரு மழைன்னு வாயால சொல்றியே, அந்த மழை எங்க விழுதுன்னு யோசிச்சியா? ஏழாயிரம்பண்ணையில வெயிலுக்கு விரிச்சிருந்த சாமானெல்லாம் வாரிக்கிட்டு ஆளுக ஓடிக்கிட்டிருக்கு. வேலை பாதியில நின்னு போச்சு. கலந்த மருந்து ஏழு கிலோ தட்டுல அப்படியே கெடக்கு, சாரல் வேற அடிச்சிருச்சு. ஊர்க்காவலன் போனை எடுத்துக்கிட்டு தண்ணித் தொட்டி மேட்டுக்கு ஓடுறாரு, அங்கன நின்னாத்தான் டவர் கிடைக்கும். நனையாம இருக்க அய்யம்மாள் அவரு தலைக்கு மேல ஒரு உரச் சாக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா.

மாடி ரூம்ல, மேசை மேல கவுத்து வச்ச போன் உறுமுச்சு. முத்துக்கிருஷ்ணன் எட்டிப் பாத்தாரு. ஊர்க்காவலன். மணியும் நாலரை. என்னத்துக்குக் கூப்பிடுறாருன்னும் தெரியும், என்ன சொல்லணும்னும் தெரியும். ஒரு விரலால தட்டி, கொட்டுன்னு ஒத்தச் சொல்லு சொல்லியிருந்தா முடிஞ்சது. பத்துப் பேரு கேட்டுக்கிட்டு இருக்காகளே, செல்லாதுன்னு தள்ளிருவாகளே! போனை மறுபடி கவுத்துட்டாரு. திரும்ப உறுமுச்சு. அதுக்கும் பெறகு திரும்ப. முன்னால மலை, மலை மேல மேகம், கை ஸ்டியரிங்குல. போனை எடுத்து அமத்தி அணைச்சு, மேசை டிராயருக்குள்ள தள்ளிட்டாரு.

அஞ்சு இருவதுக்கு டக்கோட்டா திருவனந்தபுரத்துல பூ மாதிரி இறங்குச்சு. குரூப்புல ஒரே கைதட்டு. பினாங்குப் பெரியவரு, “அறுபது வருசத்துக்கு முன்னால எங்கப்பா இதே பிளேன்ல வந்து இறங்கினாரு கேப்டன்”னு அழுதுட்டாரு. முத்துக்கிருஷ்ணனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. அந்த மனுசன் அப்ப இருந்த சந்தோசம் பொய்யில்ல, அதையும் சொல்லணும்.

ஆறரைக்குப் போனை எடுத்துப் போட்டா, அணைச்ச பெறகும் ஊர்க்காவலன் கூப்பிட்டதா மெசேஜ் வந்து கெடக்கு, மொத்தம் ஏழு தடவ. இவரு திருப்பிக் கூப்பிட்டாரு, கிடைக்கல. வேன்ல வீட்டுக்குப் போயிருப்பான், மழைக்கு டவரு செத்திருக்கும். ‘கொட்டியிருப்பான். இருவது வருச ஆளு, கொட்டாமயா இருப்பான்’னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாரு. மறுநாள் ஞாயிறு, கம்பெனி லீவு. விருதுநகர்ல சொந்தத்துல காதுகுத்து. பந்தியில உக்காந்திருக்கையில நெனப்பு வந்து, போனை எடுத்து ஊர்க்காவலன் பேரு மேல விரலை வச்சாரு. அதுக்குள்ள எலையில பாயாசம் விழுந்துச்சு, பக்கத்துல ஒரு சம்பந்தக்காரரு பேச்சுக் குடுத்தாரு. நாளைக்கு நேர்ல பாத்துக்கிடலாம்னு போனைப் பைக்குள்ள போட்டுட்டாரு.

திங்கக்கிழமை காலையில ஏழே முக்காலுக்கு வெடிச்சிருச்சு.

மூடி வச்சிருந்த தட்டை எடுக்கப் போனது செல்வக்குமாருன்னு ஒரு பையன், கல்யாணமாகி எட்டு மாசம். அவன் அங்கனயே போயிட்டான். அடுத்த ரூமுல இருந்த அழகுமீனா, இருவத்து நாலு வயசுப் பிள்ளை, தீயோட வெளிய ஓடி வந்துச்சு. ஊர்க்காவலன் ஓடிப் போயி அதைக் கட்டிப் பிடிச்சு மண்ணுல உருட்டப் பாத்தாரு. அவரும் சேந்து எரிஞ்சதுதான் மிச்சம். மறுநாள் பேப்பர்ல, ‘மருந்து உராய்வால் விபத்து’ன்னு வழக்கம்போல ஒரே வரியில போட்டுட்டான். உராய்வாம்! எழுதுறவனுக்கு என்ன, கை கூசுதா?

சேதி கேட்டதும் முத்துக்கிருஷ்ணன் கழிவறைக்குள்ள போயி தண்ணியைத் திறந்து விட்டுட்டு வாயைப் பொத்திக்கிட்டு அழுதாரு. வெளிய வந்ததும் வக்கீலுக்குப் போன் போட்டாரு. ரெண்டையும் செஞ்சது அதே ஆளுதான்.

வக்கீல் ஜெயச்சந்திரன் தூரத்துச் சொந்தம், நீட்டி முழக்காத ஆளு. முத்துக்கிருஷ்ணனைப் போலீஸ்ல ஒருதடவ விசாரிச்சு, கூப்பிட்ட நேரம் வரணும்னு எழுதி வாங்கிட்டு விட்டிருந்தாக. வக்கீலுக்கு இவரு மாமா முறை, உக்கார வச்சுச் சொன்னாரு: “மாமா, ஊர்க்காவலன் பொழைக்க மாட்டான். எம்பது சதவீதம் தீக்காயம். அதனால மாஜிஸ்ட்ரேட் வந்து மரண வாக்குமூலம் எடுக்கப் போறாரு, நாளைக்குக் காலையில. மொதலாளி சொல்லாமக் கொட்டக் கூடாதுன்னு உத்தரவு, ஏழு தடவ கூப்பிட்டேன், அவரு வேணும்னே எடுக்கலன்னு அவன் சொன்னான்னு வைங்க, நீங்க உள்ள போறது நிச்சயம். என் தப்புதான்னு சொன்னான்னா, போர்மேன் கவனக்குறைவுன்னு கேஸை முடிச்சிரலாம். எல்லாம் அவன் வாயில இருக்கு.” பெறகு, “அன்னைக்கி ஏன் எடுக்கல மாமா?”ன்னு கேட்டாரு.

“வேலையா இருந்தேன்”னாரு முத்துக்கிருஷ்ணன்.

மறுநாள் மதுரை ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பேரும் போனாக. தீக்காய வார்டு மாடியில. போகையில முத்துக்கிருஷ்ணன் மனசுக்குள்ள ஒரு முடிவோடதான் போனாரு, நம்புங்க. அய்யம்மாள் கால்ல விழுந்து, உள்ளதைச் சொல்லி, வர்றது வரட்டும்னுதான் நெனச்சாரு. கார்ல வரும்போது ரெண்டு தடவ வாய்க்குள்ள சொல்லிக்கூடப் பாத்தாரு. வார்டுன்னதால மூக்கு வாயெல்லாம் மூடி மாஸ்க்கு கட்டச் சொன்னாக, கட்டிக்கிட்டாரு.

வராண்டாவுல பெஞ்சுல அழகுமீனாவோட ஆத்தா மாரித்தாய் உக்காந்திருந்தா. பிள்ளை விடியக்காலம்தான் செத்திருக்கு. உடம்பை எப்பத் தருவாகன்னு கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டிப்போயி, செவுத்தைப் பாத்த மாதிரி இருந்தா. வார்டு கதவுகிட்ட அய்யம்மாள். அவ முந்தானையில இன்னும் கரி ஒட்டியிருந்துச்சு. மாஸ்க்கு கட்டியிருந்தாலும் நடையை வச்சே ஆளைக் கண்டுபிடிச்சுட்டா.

வந்தா. அழல. கையை ஓங்கல. நேரா நின்னு கேட்டா:

“அன்னைக்கி ஏன் மொதலாளி நீங்க போன் எடுக்கல? சாக்கைப் பிடிச்சுக்கிட்டு நானும் பக்கத்துலதான நின்னேன். ஏழு தடவ போட்டாக எங்க வீட்டு ஆளு. ‘நீங்களே கொட்டிருங்க, பெறகு சொல்லிக்கிடலாம்’னு நான் சொன்னேன். ‘மொதலாளி கேக்காமக் கொட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காக, போன வருசம் பட்டது போதாதா’ன்னு மருந்தை மூடி வச்சுட்டு வந்தாக. இந்த ரெண்டு நாளா உள்ள கெடந்துக்கிட்டு அது ஒண்ணைத்தான் கேக்காக, மொதலாளி ஏன் எடுக்கல, மொதலாளி ஏன் எடுக்கலன்னு. நான் என்ன பதில் சொல்ல?”

வக்கீல் திரும்பி முத்துக்கிருஷ்ணன் முகத்தைப் பாத்தாரு. மாடி ரூம்ல உக்காந்து கம்ப்யூட்டர்ல விளையாடிக்கிட்டு இருந்தேன்னு இந்தப் பொம்பளைகிட்ட எப்படிச் சொல்ல? இம்புட்டு நாளும் அதைக் கேம்னு சொன்னா கோவப்பட்ட மனுசன், அந்த நிமிசம் அவரு மனசுலயே அதுக்கு வேற பேரு வரல. கேவலமா இருந்துச்சு. கேவலம் தாங்க முடியாமத்தான் அந்தப் பொய்யைச் சொன்னாரு. ஜெயிலுக்குப் பயந்துகூட இல்ல.

“பிளேன்ல இருந்தேன் அய்யம்மா”ன்னாரு. “திருவனந்தபுரம் போயிக்கிட்டிருந்தேன். பிளேன்ல போனை அணைச்சு வச்சிரணும். இறங்கித்தான் பாத்தேன். உடனே கூப்பிட்டேன், கிடைக்கல.”

அய்யம்மாள் மொகம் அப்படியே ஒடைஞ்சு போச்சு.

“ஆத்தாடி... ஆகாசத்துலயா இருந்தீக?”ன்னா. “இது தெரியாம, வேணும்னே எடுக்காம இருந்துட்டாகன்னு நெனச்சு, ரெண்டு நாளா ஒங்களை மண்ணை வாரித் தூத்திக்கிட்டு இருக்கேனே மொதலாளி! ஒங்க பிள்ளைக நல்லா இருக்காதுன்னெல்லாம் சொல்லிட்டேனே!” பட்டுப்பட்டுன்னு தன் கன்னத்துல தானே போட்டுக்கிட்டா. முத்துக்கிருஷ்ணன் அவ கையைப் பிடிக்கப் போயி, பாதியில நிறுத்திக்கிட்டாரு.

“இருங்க, அவுககிட்டச் சொல்லிட்டு வாரேன். இதைக் கேட்டா அவுகளுக்குக் கொஞ்சம் மனசு ஆறும்”னு சொல்லிட்டு, கண்ணைத் தொடைச்சுக்கிட்டு அவசர அவசரமா உள்ள போனா. அப்பவாவது கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். கதவு சாத்துறதுக்கு அம்புட்டு நேரம் ஆச்சு. அவரு நிக்கிற எடத்துலயே நின்னாரு.

பத்து நிமிசத்துல மாஜிஸ்ட்ரேட் வந்தாரு. அய்யம்மாளை வெளிய அனுப்பிட்டு, டாக்டரையும் ஒரு போலீஸ்காரரையும் வச்சுக்கிட்டுக் கதவைச் சாத்திட்டாக. அரை மணி நேரம் இருக்கும். முத்துக்கிருஷ்ணன் செவுத்துல சாஞ்சு நின்னாரு. அய்யம்மாள் எங்கிருந்தோ ஒரு ஸ்டூலை இழுத்துட்டு வந்து, “உக்காருங்க மொதலாளி, எம்புட்டு நேரம் நிப்பீக”ன்னு போட்டா. அதுல உக்காரவும் முடியல, வேணாம்னு சொல்லவும் முடியல அவருக்கு.

கதவு திறந்து மாஜிஸ்ட்ரேட் போயிட்டாரு. பின்னால வந்த போலீஸ்காரரு கையில மைப்பெட்டி. வக்கீல் அவருகிட்ட ஒதுங்கிப் போயி கேட்டாரு. போலீஸ்காரருக்கு மெல்லப் பேசிப் பழக்கமில்ல போல.

“மொதலாளி மேல குத்தமில்லன்னு சொல்லிட்டான் சார். ‘நான் கூப்பிட்டேன், அவுக பிளேன்ல இருந்தாக, எடுக்க முடியாது. நான் இருவது வருச ஆளு, நானே கொட்டியிருக்கணும், கொட்டாம மூடி வச்சது என் தப்பு. ரெண்டு உசுரு போனது என்னாலதான்’னான். ரெண்டு தடவ வாசிச்சுக் காட்டினோம், ஆமா ஆமான்னான். கை ரெண்டுலயும் ரேகை எடுக்க எடமில்ல சார். கால் கட்டைவிரல்லதான் வச்சு வாங்கினோம்.”

வக்கீல் திரும்பி முத்துக்கிருஷ்ணனைப் பாத்து, கண்ணைக் காட்டித் தலையை ஆட்டினாரு. முடிஞ்சதுன்னு அர்த்தம்.

அம்புட்டு நேரமும் செவுத்தைப் பாத்துக்கிட்டிருந்த மாரித்தாய் பெஞ்சுல இருந்து எந்திரிச்சா. தள்ளாடிக்கிட்டுத்தான் வந்தா. யாருக்கும் ஒண்ணும் புரியல. வந்தவ அய்யம்மாள் தலைமுடியை ரெண்டு கையாலயும் வளைச்சுப் பிடிச்சுக்கிட்டா.

“ஒம் புருசனா? ஒம் புருசனாடி எம் பிள்ளையக் கொன்னான்? ரெண்டு நாளா எம் பக்கத்துல உக்காந்து எனக்குக் காப்பி வாங்கிக் குடுத்தியேடி!”

அய்யம்மாள் தடுக்கல. குனிஞ்சு குடுத்தா. “அடி, நல்லா அடி மாரி. அவுகதான் அவுக வாயாலயே சொல்லிட்டாகளே. நான் என்னத்தச் சொல்ல”ன்னு அழுதா. நர்சுமாரு ஓடி வந்து விலக்குறாக. விலக்க விலக்க மாரித்தாய் முடியை விடல. அந்தத் தள்ளுமுள்ளுலயும் அய்யம்மாள் தலையைத் திருப்பி, “மொதலாளி, நீங்க போங்க, இங்கன நிக்காதீக, ஒங்க மேலயும் கை வச்சிரப் போறா”ன்னா.

ஒத்தச் சொல்லு போதும் அந்த எடத்துல. அன்னைக்கும் ஒத்தச் சொல்லுதான் தேவைப்பட்டுச்சு, இன்னைக்கும் அதேதான். முத்துக்கிருஷ்ணன் வாயைத் திறந்தாரு. மாஸ்க்கு உள்ள மூச்சுத்தான் வந்துச்சு. வக்கீல் அவரு முழங்கையைப் பிடிச்சு இழுத்தாரு. இழுத்த பக்கமே போயி, மாரித்தாய் போடுற சத்தம் பின்னால கேக்கக் கேக்க, மாஸ்க்கை மூக்குக்கு மேல ஏத்தி விட்டுக்கிட்டு, ஒவ்வொரு படியா இறங்கினாரு.